34 மாட்டிலிருந்து 15 மாட்டுக்கு: வன்னியில் ஒரு பட்டியின் மூன்று வருடக் கணக்கு

பின்னணி

இந்தக் குடும்பம் முல்லைத்தீவு மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில், மல்லாவியையும் வவுனிக்குளத்தையும் அண்டிய ஒரு கிராமத்தில் இருக்கிறது. கணவர், மனைவி, உயர்தரம் எழுதிய மகன், பள்ளிக்கூடம் போகும் மகள், கணவரின் தகப்பனார் என ஐந்து பேர். தகப்பனாரை இங்கே பெரியவர் என்று குறிப்பிடுகிறேன். வயல் 2 ஏக்கர். வீட்டோடு சேர்ந்த மேட்டுக்காணி ஒன்றரை ஏக்கர். மாரி மழையில் செய்யும் காலபோக நெல் நிச்சயம். கோடையில் செய்யும் சிறுபோகம் குளத்தில் தண்ணீர் மிஞ்சும் வருடத்தில் மட்டும், அதுவும் கொஞ்சக் காணிக்குத்தான். வீட்டில் அன்றாடம் காசு புழங்குவதற்கு மாட்டை விட்டால் வேறு வழி இல்லை.

நான் அந்தப் பகுதியில் கால்நடை வளர்ப்போர் சங்கம் ஒன்றுக்குக் கணக்கு வழக்கில் உதவுகிறவன். 2021 கடைசியில் மகன் சங்கத்துக்கு வந்து ஒரு கேள்வி கேட்டார். கடைகளில் பால்மா கிடைக்காமல் சனம் வரிசையில் நின்ற காலம் அது. பட்டியில் பாதியை விற்று, மேலதிகத்துக்குக் கடன் எடுத்து, ஜேர்சிக் கலப்புப் பசு இரண்டு வாங்கினால் கட்டுப்படியாகுமா என்பதுதான் கேள்வி. அவருடைய அப்பப்பாவுக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. தகப்பன் இரண்டு பக்கமும் பேசாமல் இருந்தார்.

பெரியவரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். யுத்தத்துக்கு முன் அவருடைய பட்டியில் எண்பதுக்கு மேல் நின்றது. 2008இல் மல்லாவிப் பக்கம் இடம்பெயர்ந்தபோது பட்டியைத் திறந்துவிட்டுவிட்டுக் கிழக்கே போனார்கள். 2010இல் மீள்குடியேற வந்தபோது வீடு இல்லை, கூரைத் தகரம் இல்லை, காணி உறுதி இல்லை. காட்டோரம் கட்டாக்காலியாகத் திரிந்த மாடுகளுக்குள் தன் குறி சுட்டிருந்த ஏழு பசுக்களை அவர் தேடிப் பிடித்தார். 2021 கடைசியில் நின்ற 34உம் அந்த ஏழின் வழி வந்தவைதான். “எல்லாம் போச்சு தம்பி. திரும்பி வந்தது இந்த வாயில்லாச் சீவன்தான்” என்பார். இதை வெறும் பாசம் என்று தள்ளிவிட முடியாது. பட்டி அவருக்குச் சேமிப்புப் புத்தகம். அதில் இருப்பைக் கூட்டுவதுதான் நோக்கம். மாதம் மாதம் எடுத்துச் செலவழிக்க அவர் அதை வைத்திருக்கவில்லை. மகனோ அதை மாத வருமானமாகப் பார்த்தார். ஒரே மாட்டை இரண்டு பேரும் வேறு வேறு நோக்கத்தோடு பார்த்ததால்தான் வீட்டில் பேச்சு முடியவே இல்லை.

கடனுக்குப் போகுமுன் ஒரு வருடம் வரவு செலவு எழுதிப் பார்ப்போம் என்று சங்கம் சொன்னது. மனைவி 80 பக்கக் கொப்பி ஒன்றில் 2022 ஜனவரியில் எழுதத் தொடங்கினார். அந்தக் கொப்பி இல்லையென்றால் இந்த ஆய்வும் இல்லை.

2022: கொப்பியில் தெரிந்தவை

மாட்டை எண்ணினால் குறையும் என்பது பெரியவரின் நம்பிக்கை. அதனால் அவர் கோயிலுக்குப் போன ஒரு வெள்ளிக்கிழமைதான் எண்ணினோம். பசு 13, நாகு (இன்னும் கன்று போடாத இளம் பசு) 6, நாம்பன் (இளங்காளை) 5, கன்று 10. எல்லாம் உள்ளூர் மாடு. ஒரு நேரத்தில் பால் தந்தவை ஐந்து அல்லது ஆறு. விடியப்புறம் ஒரு தரம் மட்டும் கறப்பார்கள். கன்றுக்கு விட்டது போக ஒரு பசுவிடம் ஒன்றே கால் லீற்றர் வரும். மாரி முடிந்து புல் நிற்கும் மாதங்களில் பட்டியில் ஏழு லீற்றர் வரை ஏறும். ஓகஸ்ட், செப்டெம்பரில் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று அடித்துத் தரை காயும்போது மூன்றுக்கு இறங்கும்.

வீட்டுத் தேவை போக அந்த வருடம் விற்ற பால் 1,640 லீற்றர். விலை வருடத் தொடக்கத்தில் 90 ரூபாவாக இருந்து முடிவில் 140 ஆனது. சராசரி 115 என்று வைத்தால் 188,600 ரூபா. பட்டி எருவை உழவு இயந்திரப் பெட்டிக் கணக்கில் ஆறு பெட்டி, பெட்டி 7,000 ரூபாவாக விற்றார்கள். வன்னி எரு யாழ்ப்பாணத்துத் தோட்டங்களுக்கு லொறியில் போவது பழைய வழக்கம். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்த பிறகு எருவுக்கு இன்னும் கேள்வி கூடியிருந்தது. அதில் 42,000. மூன்று நாம்பனும் ஒரு கிழட்டுப் பசுவும் விற்றதில் 250,000. ஆக வரவு 480,600.

செலவில் தீனும் மருந்தும் பெரிதாக இருக்கும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தோம். தவிடு, உப்பு, கயிறு, மருந்து எல்லாம் சேர்த்து 46,000தான். வேலிக் கம்பி, கட்டை 25,000. பால் கொண்டுபோகப் பெற்றோல் 44,000. மற்ற இரண்டு செலவுதான் கவனிக்க வைத்தது. காலபோகத்தில் மாட்டைக் காட்டுப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய் நின்ற மேய்ப்பாளுக்கு, மற்றப் பட்டிக்காரரோடு பங்கு போட்டு 40,000. அப்படியிருந்தும் மாடு வயலுக்குள் இறங்கியதற்கு இரண்டு தரம் கட்டிய நட்டஈடு 38,000. மொத்தச் செலவு 193,000.

வன்னிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்த இரண்டு செலவையும் விளக்க வேண்டும். காலபோக விதைப்பு ஒக்டோபர், நவம்பரில் தொடங்கினால் அறுவடை முடிய பெப்ரவரி, மார்ச் ஆகும். அதுவரை வயல்வெளி முழுக்கப் பயிர். குளத்தின் அலைகரை தண்ணீருக்குள் போய்விடும். பழைய மேய்ச்சல் தரைகள் சில குடியிருப்பாகிவிட்டன, சில பற்றையாகிவிட்டன. காட்டுக்குள் மாடு விடுவதற்கும் முன்னைப் போல இடம் இல்லை. மழையால் புல் தழைத்து நிற்கும் நாலு மாதம்தான் பட்டி மாட்டுக்கு வாய் வைக்க இடம் இல்லாத நாலு மாதமும். காட்டோரம் ஓட்டிப் போனால் சிறுத்தை, களவு, சேறு, உண்ணி. ஓட்டாமல் விட்டால் வயற்காரனோடு வழக்கு. பிரதான வீதியிலும் புகையிரதப் பாதையிலும் அடிபடும் மாடுகளில் பாதிக்கு மேல் இந்தக் காலத்தில் இடமில்லாமல் அலைபவைதான் என்பது என் கணிப்பு. அந்த வருடம் இந்தப் பட்டியில் ஒரு நாகு காட்டோரத்தில் களவு போனது. பெறுமதி 50,000.

பால் விற்பனையும் லேசாக இருக்கவில்லை. 2022 மார்ச்சில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. பால் எடுக்கும் இடத்தில் குளிரூட்டி வேலை செய்யாத நாட்களில் பாலைத் திருப்பி அனுப்பினார்கள். பெற்றோல் வரிசைக் காலத்தில் கணவர் சைக்கிளில் கொண்டுபோனார். திரும்பி வந்த பாலை மனைவி தயிராக உறைய வைத்து அக்கம் பக்கம் கொடுத்தார், சிலர் காசு தந்தார்கள். அந்தத் தயிர் பின்னர் ஒரு தனி வரவாக வந்தது.

வேலை நேரத்தையும் எழுதச் சொல்லியிருந்தோம். பெரியவரின் மேய்ப்பு, மனைவியின் கறவையும் பட்டி கூட்டலும், கணவரின் பால் ஓட்டம் எல்லாம் சேர்ந்து நாளுக்கு ஏழரை மணித்தியாலம். வருடத்துக்கு 2,700 மணிக்கு மேல். இதற்கு யாரும் கூலி எடுக்கவில்லை.

நவம்பர் முடிவில் கணக்குப் பார்த்தபோது நிலைமை மோசம் என்று சொல்ல முடியவில்லை. கையில் மிஞ்சப் போவது 287,600 ரூபா. பெரியவர் அதைக் கேட்டுவிட்டு மகனைப் பார்த்துச் சிரித்தார்.

2022 டிசம்பர்

டிசம்பர் 8, 9ஆம் திகதிகளில் மாண்டஸ் புயல் வங்காள விரிகுடா வழியாகத் தமிழ்நாட்டுக் கரையை நோக்கிப் போனது. எங்கள் பக்கம் கூரையைத் தூக்கும் காற்று அடிக்கவில்லை. நாள் முழுக்கத் தூறலும், இந்த மண்ணுக்குப் பழக்கமில்லாத குளிர் காற்றும்தான். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் செத்தன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, திருகோணமலை மாவட்டங்களில் வயல்வெளியிலும் வீதியோரத்திலும் விறைத்துக் கிடந்த மாடுகளின் படங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். தொற்றுநோயோ என்று முதலில் பயந்தார்கள். வடக்கு, கிழக்கில் இருந்து இறைச்சி கொண்டுபோவதைச் சில நாட்கள் நிறுத்தியும் வைத்தார்கள். குளிர் தாக்கியதுதான் காரணம் என்று கால்நடை வைத்தியர்கள் பிறகு சொன்னார்கள்.

இந்தப் பட்டியில் மூன்று பசுவும் நாலு கன்றும் செத்தன. அவற்றைப் பற்றிப் பொதுவாக ‘குளிரில் செத்தது’ என்று எழுதிவிட்டால் பாடம் கிடைக்காது. செத்த மூன்று பசுவும் அந்த நேரம் பால் தந்துகொண்டிருந்தவை, விலா எலும்பு எண்ணக்கூடிய நிலையில் இருந்தவை. செப்டெம்பர் வறட்சியில் உடம்பு வற்றி, நவம்பரில் காட்டோரம் போய், அங்கே ஈரத்தில் கூரையில்லாமல் நின்றவை. அதே குளிரில் அதே பட்டியில் கொழுத்து நின்ற மலட்டுப் பசுவுக்கும் நாம்பன்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாடு தீன் தின்று செரிக்கும்போதுதான் உடம்பில் சூடு வரும். வயிற்றில் தீனும் உடம்பில் கொழுப்பும் இல்லாத மாடு நனைந்து காற்றிலும் நின்றால் ஓர் இரவு தாங்காது. உள்ளூர் மாடு எதையும் தாங்கும் என்ற பேச்சு வெயிலுக்குச் சரி. நனைந்த குளிருக்கு அது பொருந்தவில்லை.

பசு ஒன்று 60,000, கன்று 15,000 என்று போட்டால் இழப்பு 240,000. களவு போன நாகோடு 290,000. விற்ற மாடுகளின் இடத்தைப் பிறந்த 8 கன்றுகளும் நிரப்பும் என்று விட்டுவிட்டாலும், வருடத்து மிச்சமான 287,600ஐ இந்த இழப்பு முழுதாக விழுங்கிவிட்டது. 34 மாட்டை மூன்று பேர் வருடம் முழுக்கப் பார்த்ததற்கு மிஞ்சியது சுழியம். நட்டஈட்டுக்குப் பெயர் பதிந்தார்கள். ஆனால் காதில் இலக்கத் தகடு குத்திப் பதிவு செய்திருந்த மாடு மூன்றுதான்.

மூன்று வழிகள்

2023 ஜனவரியில், தைப்பொங்கலுக்குப் பிறகு, வீட்டுத் திண்ணையில் இருந்து பேசினோம். பட்டியில் அப்போது 30 நின்றது.

எல்லாவற்றையும் விற்பது முதல் வழி. கணவர்தான் அதைச் சொன்னார், அதுவும் கோபத்தில். ஒருவரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

மகனின் கலப்புப் பசுத் திட்டம் இரண்டாவது. அதைத் தாளில் போட்டுப் பார்த்தோம். கறக்கிற கலப்புப் பசு ஒன்று அப்போது இரண்டரை இலட்சம். இரண்டுக்கு ஐந்து இலட்சம் கடன். நாளுக்கு ஏழெட்டு லீற்றர் என்று விற்பவர் சொல்வார். எங்கள் வெயிலில் கறவைக் காலம் முழுக்கச் சராசரி ஆறு வந்தால் சந்தோசம். கன்று போட்டு அடுத்த கன்று போட 16 மாதம் என்று வைத்தோம். புத்தகத்தில் வருடத்துக்கு ஒரு கன்று என்று இருக்கும். ஆனால் மாடு பருவத்துக்கு வரும் நேரம் ஒரு நாளுக்கும் குறைவு, வெயில் காலத்தில் அது பெரும்பாலும் இரவில் வந்து போகும். கவனிக்காமல் விட்டால் மறுபடி 21 நாள் காத்திருக்க வேண்டும். செயற்கையாகச் சினைப்படுத்தும் ஊசி போடுபவர் வரவும் வேண்டும். அந்த 16 மாதத்தில் 270 நாள் கறந்தால் 1,620 லீற்றர், 140 ரூபாவுக்கு 226,800. தீன் கிலோ 125 ரூபா விற்ற நேரம். கறக்கும் நாளில் மூன்று கிலோ, வற்றிய நாளில் ஒரு கிலோ கொடுத்தாலும் 127,500 போய்விடும். ஒரு பசுவில் மிஞ்சுவது மாதத்துக்கு 6,200 ரூபா, இரண்டு பசுவில் 12,400. மகனுக்குச் சொல்லப்பட்ட வங்கி வட்டி 24 வீதம். ஐந்து இலட்சத்துக்கு வட்டி மட்டும் மாதம் 10,000. முதலைக் கட்ட எதுவும் இல்லை, வைத்தியச் செலவுக்கும் இல்லை.

இதை வைத்துக் கலப்பு மாடு கூடாது என்று முடிவு கட்டுவது நியாயமில்லை. அதே கிராமத்தில் வாய்க்கால் ஓரம் காணி உள்ள ஒரு குடும்பம் வெளிநாட்டில் இருக்கும் தம்பி அனுப்பிய காசில் இரண்டு கலப்புப் பசு வாங்கி இன்று வரை நன்றாக ஓட்டுகிறது. அவர்களுக்கு வருடம் முழுக்கப் பச்சைப் புல் உண்டு, வட்டி இல்லை. மீள்குடியேற்றக் காலத்தில் வாழ்வாதார உதவியாகக் கலப்புப் பசு கிடைத்த வேறு ஒரு வீட்டில், கிணறு வற்றும் மாதங்களில் மாட்டுக்குத் தண்ணீர் சுமக்க முடியாமல் இரண்டாம் வருடமே விற்றார்கள். இரண்டு வீட்டிலும் ஒரே வகை மாடுதான். தண்ணீரும் கடனும்தான் வேறு.

மூன்றாவது வழி மனைவி கேட்ட ஒரு கேள்வியில் இருந்து வந்தது. “மாமா, மழைக்காலத்தில காட்டுக்கு அனுப்பாமல் எங்கட வளவுக்குள்ளயே எத்தினை மாட்டை வைச்சிருக்கலாம்?” என்று பெரியவரிடம் கேட்டார். அதுவரை யாரும் எண்ணிக்கையை அந்தப் பக்கத்தில் இருந்து யோசிக்கவில்லை.

உள்ளூர்ப் பசு ஒன்றுக்கு நாளுக்குக் காய்ந்த கணக்கில் ஐந்தரைக் கிலோ வேண்டும். 30 மாட்டை வளர்ந்த மாட்டுக் கணக்குக்கு மாற்றினால் 21. காலபோகத்தின் அந்த நாலு மாதத்துக்கு, அதாவது 120 நாளுக்கு, 13,800 கிலோவுக்கு மேல் போகும். வயல் வைக்கல் இரண்டரைத் தொன், அயலவரிடம் வாங்கினால் இன்னும் இரண்டு. மேட்டுக்காணியை அடைத்து, அரை ஏக்கரில் புல்லும் வேலியோரம் இலை தீனாகும் சீமைக்கிளுவை மரமும் வைத்தால் மிச்சத்தில் ஒரு பங்கு வரும். எப்படிக் கூட்டினாலும் வளர்ந்த மாட்டுக் கணக்கில் பத்துக்கு மேல் ஏறவில்லை. கன்றோடு சேர்த்து 15. பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, எந்த ஏழு பசு நிற்க வேண்டும் என்பதைத் தான்தான் சொல்வேன் என்றார். அதோடு முடிவாகியது.

விற்பனை

விற்பது என்று முடிவெடுத்த பிறகும் யாருக்கு விற்பது என்ற சிக்கல் நின்றது. பசுவை இறைச்சிக்குக் கொடுக்க மாட்டோம் என்பது அந்த வீட்டில் மட்டுமல்ல, ஊரிலேயே பொதுவான நிலை. நாம்பனைக் கொடுப்பார்கள், வியாபாரி எங்கே கொண்டுபோகிறார் என்று கேட்க மாட்டார்கள். இந்தக் கேட்காமல் விடுதல்தான் விலையையும் குறைக்கிறது. எங்கே போகிறது, என்ன விலைக்குப் போகிறது என்று தெரியாதவன் பேரம் பேச முடியாது. அதனால் நாலு நாம்பனையும் 2023 ஜூன் கடைசியில் வந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன், கேள்வி கூடிய நேரம் பார்த்து, இரண்டு வியாபாரிகளை வரவழைத்து விற்றார்கள். தலைக்கு 85,000. வழக்கமாக இந்த வீட்டில் நாம்பன் விற்பது ஐப்பசி, கார்த்திகையில், விதைப்புச் செலவுக்குக் காசு முட்டும்போது. ஊர் முழுக்க அதே நேரம்தான் விற்கும்.

வயது போன, சினைப்படாத மூன்று பசுக்களுக்கு 210,000. வளர்ப்புக்கு என்று தெரிந்தவர்களுக்குக் கொடுத்த மூன்று நாகுகளுக்கு 180,000. வருடக் கடைசியில் பெரிய ஆண் கன்று ஐந்து, 150,000. மொத்தம் 880,000. பட்டியில் பசு 7, நாகு 3, கன்று 5 நின்றன. மாடு கொண்டுபோக அனுமதிப்பத்திரமும் உரிமைச் சான்றும் வேண்டியிருந்ததால் மிச்ச மாடுகளுக்கும் அப்போதே தகடு குத்திப் பதிந்தாயிற்று.

அந்தக் காசு முதலில் போனது மனைவியின் அடைவு நகையை மீட்க, 210,000. இது மாட்டோடு சம்பந்தப்படாத செலவு போலத் தெரியலாம். ஆனால் அந்த நகை ஒவ்வொரு வருடமும் விதைப்புக்கு அடைவுக்குப் போய், வட்டிக்கு மாடு விற்றுத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அடுத்து முள்ளுக்கம்பி வேலி 165,000, நிலத்தை உயர்த்தித் தகரம் போட்ட கொட்டில் 130,000, புல்லுக்குத் தண்ணீர்க் குழாயும் பம்பும் 95,000. மிஞ்சியதில் 200,000ஐ மனைவி தன் பெயரில் நிலையான வைப்பில் போட்டார், 80,000 மகனின் வவுனியாப் படிப்புக்குப் போனது. மகன் கேட்ட கலப்புப் பசு வாங்கவில்லை. அதற்குப் பதிலாக நல்ல உள்ளூர்ப் பசு இரண்டுக்கு ஜேர்சி ஊசி போடுவது என்று சம்மதித்தார்கள். மகனுக்கு அது அரை மனம்தான்.

பிறகு நடந்தவை

முதல் காலபோகம், 2023–24, நினைத்ததை விடக் கஷ்டமாக இருந்தது. வைக்கல்தான் பிரச்சினை. முன்பு சூடடித்த களத்தில் வைக்கல் போராகக் கிடக்கும். இப்போது வெட்டு மெசின் வயல் முழுக்கச் சிதறிவிட்டுப் போகிறது. மழைக்குள் அறுவடை வந்தால் இரண்டு நாளில் அழுகிவிடும். 2023 தொடக்கத்து அறுவடையில் சேர்த்தது போதாமல் டிசம்பரில் கூடிய விலைக்கு வெளியே வாங்கினார்கள். 2024 பெப்ரவரியில் உழவு இயந்திரம் பிடித்து, தங்கள் வயலையும் அயலில் எரிக்க இருந்த வயல்களையும் சேர்த்து அள்ளிக் கொட்டிலுக்குள் ஏற்றியதும் அடுத்த மாரி சமாளிக்கக் கூடியதாக இருந்தது.

வைக்கலுக்கு யூரியா கரைத்து மூடி வைக்கும் முறையையும் செய்து பார்த்தார்கள். 100 கிலோ வைக்கலுக்கு 4 கிலோ யூரியா. காற்றுப் புகாமல் கட்டி வைத்துப் பிறகு கொடுத்தால் மாடு கூடத் தின்னும், சத்தும் கூடும். உரத்தடைக் காலத்தில் நெல்லுக்கே யூரியா இல்லாததால் ஊரில் எல்லாரும் இதைக் கைவிட்டிருந்தார்கள். பெரியவர் முதலில் நஞ்சு என்றார். அளவு கூடினால் நஞ்சுதான், அதனால் கலப்பது மனைவியின் பொறுப்பு என்று வைத்தார்கள்.

பால் கூடியது. ஏழு பசுவில் நாலு கறந்தாலும் தலைக்கு இரண்டு லீற்றர் வந்தது. கச்சான் காலத்து இறக்கமும் முன்னைப் போல் இல்லை. ஊசி போட்ட இரண்டில் ஒன்று சினைப்படவே இல்லை. மற்றது மூன்றாம் தடவை சினைப்பட்டு 2024 ஓகஸ்டில் நாகு கன்று போட்டது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் வெள்ளம் வந்தது. வயல் நாலு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. மாடு முழுவதும் உயர்த்திய கொட்டிலுக்குள் வைக்கலோடு நின்றது. ஒரு கன்று கழிச்சலில் செத்தது, வேறு இழப்பு இல்லை.

2024 கணக்கு

பால் 1,900 லீற்றர், 150 ரூபாவாக 285,000. தயிர், நெய் 48,000. எரு நாலு பெட்டி 36,000. நாம்பன் கன்று இரண்டு 90,000. வரவு 459,000.

செலவில் மேய்ப்பாள் கூலியும் பயிர் நட்டஈடும் இல்லை. தவிடு, தீன் 62,000. வைக்கல் 30,000. பால் வண்டி சந்திவரை வரத் தொடங்கியதால் பெற்றோல் 24,000. மருந்து, ஊசி 18,000. மின்சாரம் 15,000. வேலி திருத்தம் 12,000. வேலி, கொட்டில், பம்புக்குப் போட்ட 390,000ஐப் பத்து வருடத்துக்குப் பகிர்ந்து 39,000. ஆக 200,000. செத்த கன்றுக்கு 18,000 கழித்தால் மிச்சம் 241,000.

டிசம்பர்க் குளிர் வராமல் இருந்திருந்தால், களவு போன நாகைக் கழித்து 2022இல் மிஞ்சியிருக்கக்கூடியது 237,600. அதாவது பாதி மாட்டில் ஏறத்தாழ அதே பணம். வேலை நேரம் ஏழரை மணியில் இருந்து ஐந்துக்கு இறங்கியது. 880,000 ரூபா மாட்டில் இருந்து வெளியே வந்து வேறு வேலை செய்கிறது.

இதைக் கொண்டாடுமுன் இரண்டு விடயம். பால் விலை 115இல் இருந்து 150 ஆனது குடும்பத்தின் கெட்டித்தனம் இல்லை. பழைய விலையில் பால் வரவு 218,500தான் இருந்திருக்கும். தீன் விலையும் கூடியதால் அது ஓரளவு சமன் என்றாலும், விலை இறங்கினால் கணக்கு மாறும். மற்றது கூலி. 241,000ஐ 1,825 மணித்தியாலத்தால் பிரித்தால் மணிக்கு 132 ரூபா. அதே ஊரில் வயல் கூலிக்குப் போனால் இதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கும். மாடு வளர்ப்பு கட்டுப்படியாகிறது என்று நாங்கள் சொல்வது, வெளியில் கூலிக்குப் போக முடியாத பெரியவரின் நேரத்தையும், சமையலுக்கும் பிள்ளைக்கும் இடையில் மனைவி எடுத்த விடியப்புற நேரத்தையும் மலிவாகப் போட்டுத்தான். கணவர் தன் நேரத்தைப் பாலில் இருந்து எடுத்துக் கூலி வேலைக்கு மாற்றியிருக்கிறார். அந்தக் காசு இந்தக் கணக்கில் வரவில்லை, ஆனால் வீட்டுக்கு வருகிறது.

மறுபடி செய்தால்

கொட்டிலை முதலில் கட்டி, வேலியைப் பிறகு அடைக்கலாம். குளிருக்கும் வெள்ளத்துக்கும் வேலி உதவாது. அரை ஏக்கர் புல்லில் பாதி ஓகஸ்டில் கருகியது. கிணறு அவ்வளவு தண்ணீர் தராது. கால் ஏக்கரும் கூடுதல் சீமைக்கிளுவையும் போதும். அதன் வேர் ஆழம், அடிக்கடி வெட்டிவந்தால் இலை கோடையிலும் நிற்கும். சினைப்படாத பசுவை இரண்டு வருடம் பார்த்துக்கொண்டிருக்காமல், கன்று போட்ட திகதியைக் கொப்பியில் எழுதி, ஒரு வருடம் தாண்டியதும் வைத்தியரிடம் காட்டி முடிவெடுக்க வேண்டும். பால் மட்டும் எழுதும் குடும்பங்கள் பல உண்டு. செத்தது, களவு போனது, நட்டஈடு கட்டியது இந்த மூன்றையும் எழுதாத கொப்பி எப்போதும் இலாபம்தான் காட்டும்.

இந்த முறை எல்லாருக்கும் பொருந்தாது. மேட்டுக்காணி அரை ஏக்கர் மட்டும் உள்ள வீட்டுக்கு 15 மாடு என்பதே அதிகம். நூறு மாடு வைத்திருப்பவருக்கு மேய்ச்சல் தரை இல்லாமல் வேறு வழி இல்லை. அந்தக் கோரிக்கையைக் கமக்காரர் அமைப்பும் பட்டிக்காரரும் சேர்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பதில் வரும்வரை ஒவ்வொரு காலபோகத்திலும் அதே வழக்கு நடக்கும்.

2025 தொடக்கத்தில் பட்டியில் 17 நின்றது. இரண்டு கூடிவிட்டது. எதை விற்பது என்பதில் வீட்டில் மறுபடியும் பேச்சு. மகன் ஜேர்சிக் கலப்பு நாகை வைத்துக்கொண்டு பழைய பசு இரண்டைக் கொடுக்கச் சொல்கிறார். அந்த இரண்டில் ஒன்று 2010இல் தேடிப் பிடித்த ஏழில் ஒன்றின் மகள், பல்லும் தேய்ந்துவிட்டது. பெரியவர் அதை விடமாட்டார். பெருநாள் விலை ஏறும்வரை பார்த்து, வேறு பசு ஒன்றையும் ஒரு நாம்பன் கன்றையும் கொடுப்பது என்று மனைவி கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார்.